பத்தமடைப் பாயும் டாடாமியும்

நேற்று சாயங்காலம் எங்களுக்கு 4 மணி, ஜப்பானில் இரவு 7.30. வீடியோ அழைப்பில் பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர், குமாமோட்டோவில் அவர்கள் மூணு பேர். ஒரு மாதமாகச் சேர்ந்து வேலை செய்தும் பேச்சு மரியாதையைத் தாண்டவில்லை.

ஆச்சியின் பத்தமடைப் பாயைக் கேமராவில் விரித்துக் காட்டினேன். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து நெய்வது என்றேன். அவர்களில் ஒரு பெண் சட்டென்று எழுந்து, தன் அறைத் தரையின் டாடாமியை, அதாவது அவர்கள் ஊர்த் தரைப்பாயைக் காட்டினாள். இகுசா என்று கோரை மாதிரி ஒரு புல்லில் நெய்தது அது. அறுத்ததும் சேற்றுக் கரைசலில் முக்கிக் காயவைப்பார்களாம். “உங்கள் பாய் என்ன வாசம்?” என்று கேட்டாள். இத்தனை வருசம் படுத்திருக்கிறேன், நேற்றுதான் மூக்கை வைத்து முகர்ந்தேன். வெயில்பட்ட வைக்கோல் வாசம்!

அப்புறம் ஆச்சியையே கூப்பிட்டு உட்கார வைத்தோம். அங்கே மணி 9 ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.