"ஒன்றுமே தெரியாது, மேடம்"

ஊழியர்கள் மீதான ஒன்பது விசாரணைக் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்பும் முன் தலைமை அலுவலக மேடம் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, பாஸ்வேர்டு இல்லாதவர் கையில் இது கிடைத்தால் ஏதாவது தெரியுமா?" "ஒன்றுமே தெரியாது, மேடம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அதுவரை எல்லாவற்றையும் கவனமாகவே செய்திருந்தேன். கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் செவன்-ஜிப் மென்பொருளில், ஜிப் வடிவத்துக்குத் தானாக வந்து நிற்கும் பூட்டு முறையான ஜிப்கிரிப்டோவை (1994-லேயே பிஹாம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிய முறை அது) விட்டு, அதைவிட வலுவான ஏஇஎஸ்-256க்கு மாற்றினேன். கடவுச்சொல்லை மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

ஆனால் ஜிப் வடிவத்தில் கோப்பின் உள்ளடக்கம் மட்டுமே குறியாக்கம் ஆகிறது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாறுகிறது; பெயரும் அளவும் தேதியும் அப்படியே வெளியே தெரியும். அலுவலகப் பொது மின்னஞ்சலுக்குப் போன அந்த இணைப்பை யார் சொடுக்கியிருந்தாலும், ஊழியர் பெயர், பணி எண், அதன் பின்னால் "இறுதி எச்சரிக்கை" என்று நானே வைத்த கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரிந்திருக்கும். நான்காம் நாள் அவர்களில் ஒருவர், ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல் என் மேசையருகே நின்று, "சார், எனக்கு இறுதி எச்சரிக்கை தயாராகிவிட்டதாமே?" என்று கேட்டார். அந்தக் கடிதத்தில் அப்போது கையெழுத்தே ஆகியிருக்கவில்லை.

செய்தி அந்த வழியாகத்தான் கசிந்தது என்பதற்கு ஆதாரமில்லை. தட்டச்சு செய்தவர் முதல் நான்கைந்து பேருக்கு விஷயம் தெரியும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவன்-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில் கோப்புப் பெயர்களையும் குறியாக்கம் செய்ய ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்தால் போதும். தலைமை அலுவலகத்தில் அந்த வடிவம் திறக்காது என்றுதான் ஜிப்பை எடுத்தேன் என்பது இன்னொரு சமாதானம். அதுவும் நிற்கவில்லை. ஏஇஎஸ்-256 போட்ட ஜிப்பை விண்டோஸ் தானே பிரித்துத் தராது என்பதால், மேடத்தின் கணினியில் செவன்-ஜிப்பை நிறுவச் சொன்னதே நான்தான். கோப்புகளுக்கு வெறும் எண்களைப் பெயராக வைத்திருந்தால்கூடப் போதுமாயிருந்தது.

வடிவத்தைத் தவறாகத் தேர்ந்ததைக் காட்டிலும் அந்தப் பதில்தான் என்னை உறுத்துகிறது. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று இரண்டு நிமிடம் கேட்டிருந்தால் என் கணினியிலேயே தெரிந்திருக்கும். பிறகாவது மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், குறியாக்கமே வீண் என்று எண்ணிப் பழையபடி பூட்டாமலே அனுப்பத் தொடங்கிவிடுவார்களோ என்று தயங்கினேன். அது உண்மையான காரணமா, என்னைக் காத்துக்கொள்ள நான் தேடிக்கொண்டதா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

சென்ற மாதம் மேடமே ஒரு ஜிப்பை அனுப்பி, அழைத்து, கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான், தம்பி" என்றார். அவர் அழைப்பதற்கு முன்பே, உள்ளே இருந்த ஆறு பெயர்களையும் நான் படித்து முடித்திருந்தேன்.