கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ஒன்றரை மாத அலைச்சல்

மூன்று சிட்டிங்கில் முடியும் என்ற ரூட் கெனால் ஒன்றரை மாதம் இழுத்தது. கீழ்வரிசை, இடப்பக்கம், ஞானப் பல்லுக்கு முந்தைய பல். சொத்தை, ராத்திரி வலி, எக்ஸ்ரே, மரத்துப்போக ஊசி எல்லாம் வழக்கம்போலத்தான். பல்லைத் திறந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. ரத்தம் நிற்கவே இல்லை, வைத்த பஞ்செல்லாம் சிவந்து சிவந்து வந்தது. வேர்க்குழாயின் வாய் தெரியவில்லை என்று தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பினார்கள். அடுத்த முறையும் அதே கதை. மூன்றாவது முறை, "நீங்க வாயைச் சரியாத் திறக்க மாட்டேங்கிறீங்க, பிடுங்கிடலாம்" என்றார் மருத்துவர். தாடை வலிக்க முக்கால் மணி நேரம் திறந்து வைத்திருந்தவனிடம் சொன்ன வார்த்தை அது, இன்னும் ஆறவில்லை.

பிடுங்க மனம் வராமல், லீவு போட்டுவிட்டு ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து அங்கே எக்ஸ்ரே மெஷின் பழுது. "பழைய படம் கொண்டு வந்திருந்தா இன்னிக்கே பார்த்திருக்கலாமே" என்றார்கள். ஒரு நாள் சம்பளமும் இரண்டரை மணி நேர பஸ் பயணமும் வீண். திரும்பி முதலில் பார்த்த கிளினிக்கில் கேட்டால், படம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, தருவதில்லை என்று வரவேற்பில் இருந்த பெண் கையை விரித்தார். காசு கொடுத்து எடுத்த படம், என் பல், வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன். அரை மணி கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது.

மறுவாரம் கல்லூரியில் முதுநிலை படிக்கும் ஒரு பெண் மருத்துவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே, "சார், இது டாரோடான்டிசம், காளைப் பல்" என்றார். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் வரைந்தும் காட்டினார். சாதாரணக் கடைவாய்ப் பல்லில் கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்மையான சதை) இருக்கும் அறை சிறியது, பல்லின் கழுத்துக்கு, அதாவது ஈறு ஓரத்துக்கு, கொஞ்சம் கீழேயே வேர்கள் பிரிந்துவிடும். எனக்கு அந்த அறை பெட்டி மாதிரி நீளமாக இறங்கி, வேர்கள் அடியில்தான் பிரிகின்றன. பல் உருவாகும்போது வேருக்கு வடிவம் கொடுக்கும் உறை உரிய உயரத்தில் உள்மடியாமல் போவதால் இப்படி ஆகிறதாம். கூழ் அதிகம், அதனால் ரத்தமும் அதிகம். குழாய்களின் வாய் ஆழத்தில் கிடக்கிறது, அதனால் கண்ணில் படவில்லை. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. குரோவேஷியாவின் கிராபினாவில் கிடைத்த, நியாண்டர்தால் என்ற ஆதி மனித இனத்தின் பற்கள் பலவும் இப்படித்தான் இருந்தன, டாரோடான்டிசம் என்பது 1913-ல் ஆர்தர் கீத் என்ற உடற்கூறியல் அறிஞர் வைத்த பெயர் என்றும் சொன்னார். என் வாய் மேல் தப்பில்லை என்று தெரிந்ததே எனக்குப் பாதி வலி தீர்ந்த மாதிரி. முதல் நாள் எடுத்த படத்திலேயே எல்லாம் இருந்திருக்கிறது.

அப்புறம் பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன், மைக்ராஸ்கோப், ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவல். இரண்டே சிட்டிங்கில் முடிந்தது.

எந்தப் பல்லுக்குச் சிகிச்சை என்றாலும் எக்ஸ்ரேயை அன்றே போனில் வாங்கிவிடுங்கள், எதுவரை செய்தார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். இந்த மாதிரிப் பல் என்று தெரிந்தால், பிடுங்குவது சுலபம் என்று யாராவது சொன்னாலும் ஒரு நிமிடம் யோசியுங்கள், வேர் பிரியும் இடம் எலும்புக்குள் ஆழமாக இருப்பதால் அதுவும் சிரமம்தான்.

இது இரண்டு பக்கமும் வரக்கூடியது என்பதால் வலப்பக்கமும் படம் எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் அதே பெட்டி. சீட்டில் அந்தப் பெண் மருத்துவர் 37, 47 என்று இரண்டு பல்லின் எண்ணையும் எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார். லேமினேட் செய்து பர்சில் வைத்திருக்கிறேன்.