டேட் மாடர்ன்: சரிவுப் பாதை வழியாக இறங்குங்கள்

லண்டனின் நவீனக் கலை அருங்காட்சியகமான டேட் மாடர்னுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேம்ஸ் கரை வாசலில்தான் நுழைகிறார்கள். மில்லேனியம் நடைபாலத்தில் இருந்து இறங்கியதும் கண்ணில் படுவது அதுதான். ஆனால் அது நேரே லெவல் 1-இல் கொண்டுபோய் விட்டுவிடும். மேற்குப் பக்கம் சுற்றி வந்தால் ஹாலண்ட் தெருவில் அகலமான சரிவுப் பாதை இருக்கிறது. அதில் லெவல் 0-க்கு இறங்கினால்தான் டர்பைன் ஹால் என்ற பெருங்கூடத்தின் 155 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் உடம்புக்கு உறைக்கும்.

பேங்க்சைடு மின்நிலையமாக இருந்த கட்டடம் இது. கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். எண்ணெய் விலை ஏறியபின் கட்டுப்படியாகாமல் 1981-இல் மூடினார்கள். 2000-இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, டர்பைன்கள் நின்ற கூடத்தை அறைகளாகத் தடுக்காமல் அப்படியே விட்டார்கள். மேலே ஓடும் கிரேன்களையும் கழற்றவில்லை. மிகச் சரியான முடிவு.

இறங்கும்போதே தரையைக் கவனியுங்கள். 2007-இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ இங்கே 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். மயிரிழையாகத் தொடங்கி, போகப் போக அகன்றது. கண்காட்சி முடிந்ததும் நிரப்பி மூடினார்கள். தழும்பு இன்னும் தெரிகிறது. கூடம் காலியாக இருக்கும் நாளில் அதைப் பின்தொடர்வது எளிது. ஆண்டுதோறும் இந்தக் கூடத்தில் வைக்கும் பெரிய படைப்பைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபருக்குப் பிறகு போங்கள். பெரும்பாலும் வசந்தகாலம் வரை இருக்கும்.

இவ்வளவு பெரிய இடத்தில் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பது கலைஞருக்கே முன்கூட்டித் தெரிவதில்லை. 2010-இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பீங்கானில் கையால் செய்த சுமார் 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். மேலே நடக்கலாம் என்றுதான் ஏற்பாடு. கால்பட்டு விதைகள் உரசியதில் பீங்கான் தூசி கிளம்பியது. மூச்சுக்குக் கெடுதல் என்று சில நாட்களிலேயே கயிறு கட்டிவிட்டார்கள்.

மேலே ஏறுமுன் லெவல் 0-இலேயே டேங்க்ஸை முடித்துவிடுங்கள். எண்ணெய் சேமித்த வட்டத் தொட்டிகள் அவை. 2012 முதல் நிகழ்த்துகலைக்கும் இடத்தையே நிரப்பும் நிறுவல் படைப்புகளுக்கும் பயன்படுகின்றன. வழவழப்பாக்காத கான்கிரீட், ஜன்னலே கிடையாது. வீடியோப் படைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கட்டடத்தில் இல்லை.

நிரந்தரச் சேகரிப்புக்குக் கட்டணமில்லை, சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட். பழைய கட்டடத்தையும் 2016-இல் சேர்ந்த பிளாவட்னிக் கட்டடத்தையும் எல்லாத் தளங்களும் இணைப்பதில்லை. மேலே இருந்து கடக்க லெவல் 4 பாலத்துக்கு வரவேண்டும். தெரியாமல் லிஃப்டில் ஏறி இறங்கியே அரை மணி போய்விடும். அந்தப் பாலத்தில் நின்று கூடத்தை மேலிருந்து ஒருமுறை பாருங்கள்.

பிளாவட்னிக்கின் லெவல் 10 பார்வை மாடத்தில் இருந்து எதிர்ப்புறக் கண்ணாடிக் குடியிருப்புகளின் உள்ளே தெரிந்ததால், வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாடம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கீழேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.