முதல் செமஸ்டரும் மெஸ் மேசையும்

பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும் அறிமுகப் பயிற்சி என்று ஒன்று நடக்கும். மூன்று வாரம் நடத்த வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ சொல்வது. மாணவர்களைச் சுமார் 20 பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை மென்டாராகப் போடுவார்கள். யோசனை நல்ல யோசனைதான். எங்கள் கல்லூரியில் பயிற்சி முடிந்த கையோடு குழுவும் முடிந்தது. அதன்பிறகு படிவத்தில் கையெழுத்து வாங்க மட்டும் மென்டாரைத் தேடிப் போனோம். ஆனாலும் யார் எந்த ஊர், பிளஸ் டூவில் என்ன குரூப் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் தெரிந்தது.

முதல் இன்டர்னல் தேர்வு நெருங்கியபோது, ராத்திரி சாப்பாடு முடிந்தும் மெஸ்ஸில் நாலைந்து பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். சேர்ந்து படிக்கும் எங்கள் குழு தொடங்கியது அப்படித்தான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் சிவில், மெக்கானிக்கல் என்று எந்தத் துறையானாலும் முதல் செமஸ்டரில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி உண்டு. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு அது பழகிய சங்கதி. பயோ மேத்ஸ்காரர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த அரசுப் பள்ளி நண்பன் ஒன்றிலிருந்து ஐந்துவரை கூட்டும் புரோகிராம் எழுதினான். 15 வர வேண்டிய இடத்தில் 10 வந்தது. யாரும் விடையைச் சொல்லவில்லை. பழைய அப்சர்வேஷன் நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டு, லூப் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் என்ன மதிப்பு, மொத்தம் எவ்வளவு என்று அவனையே எழுத வைத்தோம். நான்காவது வரியோடு நின்றது. எதிலிருந்து எதுவரை என்று சொல்லும் ரேஞ்சில் கடைசியாகக் கொடுக்கும் எண் கணக்கில் சேராது என்று அவனே கண்டுபிடித்தான். "அப்போ ஆறுன்னு கொடுக்கணுமாடா?" என்றான்.

கணக்கில் அவன் புலி. எந்தச் சதுர அணியும் லாம்டாவில் எழுதும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்கிற கேலி–ஹாமில்டன் தேற்றத்தை அவன் சொன்ன மாதிரி வகுப்பில்கூட யாரும் சொல்லவில்லை: "லாம்டா இருக்கிற இடத்துல அணியையே தூக்கிப் போடு. கடைசியில தனியா நிக்கிற நம்பரோட மட்டும் அலகு அணியைப் பெருக்க மறந்துடாதே."

அரட்டைக்கென்றே வந்தவர்களும் உண்டு. தானாகவே கழன்றுகொண்டார்கள். சரி, நல்லதுதான்.

என் குறை ஒன்றுதான். மென்டார் குழுவை ஒரு கணக்கில் பிரித்தார்கள், லேப் பேட்ச்சைப் பதிவு எண் வரிசையில் பிரித்தார்கள். அதனால் பழகியவர்கள் ஒரே லேபில் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களில் சுமார் 20 பேரை ஒரு குழுவாக்கி, ஒன்றோடொன்று தொடர்புள்ள மூன்று பாடங்களைச் சேர்ந்தே படிக்க வைக்கிறார்கள். அந்த அளவுக்கு வேண்டாம். ஒரு குழு, ஒரே லேப் பேட்ச், கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம். இவ்வளவு செய்தாலே மெஸ் அண்ணன் எங்களை விரட்ட வேண்டியிருக்காது.

செமஸ்டர் முடிவில் எங்களில் ஒருவனுக்கு இயற்பியலில் அரியர் விழுந்தது. அடுத்த தேர்வில் எழுதி எடுத்துவிட்டான்.