"எந்த செல்லில்?" – வாய்மொழித் தேர்வில் என்னை மடக்கிய கேள்வி

முதுநிலை வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த முதல் கேள்வி: "லாட்ருன்குலின் போட்டு ஆக்டினைக் குலைத்துவிட்டால் ஈஜிஎஃப் ஏற்பி செல்லுக்குள் போகுமா?" (ஈஜிஎஃப் ஒரு வளர்ச்சிக் காரணி; செல்லின் மேற்பரப்பில் அதைப் பிடிக்கிற புரதம்தான் ஏற்பி. ஆக்டின், செல்லுக்கு எலும்புக்கூடு போன்ற இழைப் புரதம்; லாட்ருன்குலின் அதைக் குலைக்கிற மருந்து.) "போகாது சார்" என்றேன் பட்டென்று. "எந்த செல்லில்?" என்றார் தேர்வாளர். அதோடு வாயடைத்துவிட்டது.

பாடத்தைப் பெயர்ப் பட்டியலாகத்தான் உருப்போட்டிருந்தேன். கிளாத்ரின், ஏபி2, டைனமின், என்-வாஸ்ப், ஆர்ப்2/3 என்று புரதங்களின் வரிசை தெரியும்; யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரியாது. மறுபடி உட்கார்ந்தபோது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: ஏற்பி உள்ளே போக, செல்லின் சவ்வை உள்நோக்கி வளைக்கிற விசை எங்கிருந்து வருகிறது?

தொடக்கக் கட்டத்தில் அதிகம் நேரம் போக்க வேண்டாம். ஈஜிஎஃப் ஒட்டியதும் ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் வால் டைரோசின்களில் மற்றது பாஸ்பேட் ஏற்றும். அதைப் பிடித்து கிரப்2 என்ற இணைப்புப் புரதம் வரும். சிபிஎல் என்ற நொதி வந்து, யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை அடையாளச் சீட்டுபோல ஏற்பியில் ஒட்டும். ஏற்பி உள்ளே போனபின், செல்லின் சிதைப்பு அறையான லைசோசோமுக்குத் தள்ளப்படுவதில் இந்த யுபிக்விட்டினுக்குப் பங்கு பெரிது.

நிதானமாகப் படிக்க வேண்டியது குழி உருவாகிற இடம். மூன்று கால் கொண்ட கிளாத்ரின் மூலக்கூறுகள் சவ்வின் உட்பக்கம் கூடையாகப் பின்னிக்கொண்டு சுமார் 100 நானோமீட்டர் குழியைச் சமைக்கின்றன. கழுத்து குறுகியதும் டைனமின் அதைச் சுற்றிக்கொண்டு, ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அறுத்துவிடும். இதில் ஆக்டின் எங்கே? ஆர்ப்2/3, ஏற்கெனவே இருக்கும் இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி சாய்வில் புதுக் கிளை விடவைக்கிறது. கிளைகள் வளர வளர, குழி உள்ளே தள்ளப்படுகிறது. இதைக் கையால் வரைந்து பாருங்கள். இழையின் எந்த முனை சவ்வைப் பார்த்திருக்கிறது என்று குறிக்கத் திணறினால், இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். எனக்கு நான்கு தாள் கிழிந்தது.

ஈஸ்ட்டில் உள்ளழுத்தம் மிக அதிகம்; சவ்வை உள்ளே இழுக்க ஆக்டின் இல்லாமல் முடியாது. பாலூட்டி செல்லில் சவ்வு தளர்வாக இருந்தால் கிளாத்ரினே சமாளித்துவிடும். வெளிக்கரைசலின் உப்புச் செறிவைக் குறைத்து செல்லை உப்ப வைத்தாலோ, வேறு வகையில் சவ்வு இறுகினாலோ, ஆக்டின் இல்லாத குழிகள் பாதியிலேயே நின்றுபோகும். 2011-இல் கிர்க்ஹவுசனின் ஆய்வுக் குழு இதைக் காட்டியது. என் பதிலில் விட்டுப்போனது இதுதான்.

ஈஜிஎஃப் அளவும் முக்கியம். மில்லிலிட்டருக்கு 1–2 நானோகிராம் என்றால் பெரும்பாலும் கிளாத்ரின் வழிதான். 20-க்கு மேல் போனால் பல செல்களில் கிளாத்ரின் சாராத வழிகளும் திறக்கும். சில செல்களின் மேற்பரப்பில் ஆக்டின் வளையமாக மடிப்பெழுப்பி, ஏற்பிகளைக் கொத்தாக விழுங்குவதும் உண்டு. அங்கே ஆக்டின்தான் கதாநாயகன்.

எழுத்துத் தேர்வில், எவ்வளவு ஈஜிஎஃப் உள்ளே போனது என்று காட்டும் வரைபடக் கேள்வி வந்தால், முதலில் சோதனை எப்படி நடந்தது என்று பாருங்கள். 4 டிகிரியில் ஈஜிஎஃப்பை ஒட்டவைப்பார்கள்; அந்தக் குளிரில் உள்ளிழுத்தல் நடக்காது. பிறகு 37 டிகிரிக்கு மாற்றி, குறித்த நிமிடத்தில் அமிலக் கரைசலால் கழுவினால், வெளியே ஒட்டியிருப்பது போய்விடும்; மிஞ்சுவது உள்ளே போனது. இந்தக் கழுவலைக் கவனிக்காமல் விட்டால், மேற்பரப்பில் இருப்பதையும் சேர்த்து எண்ணிவிடுவோம்.

பக்கத்தில், இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினுக்கு ஒரு கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்கிற ஏற்பி, வளர்ச்சிக் காரணியின் தூண்டல் இல்லாமலே கிளாத்ரின் வழியாக உள்ளே போய்வருவது. மருந்து போட்டபின் ஈஜிஎஃப் கோடு மட்டும் சரிந்து, டிரான்ஸ்ஃபெரின் கோடு அப்படியே நின்றால், கிளாத்ரின் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சரிந்தால், சவ்வின் இறுக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்குங்கள்.