மேம்பாலத்தில் காரை நிறுத்தாதவனின் இன்சூரன்ஸ் கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருவதற்கு முன்னாலேயே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களைப் பார்த்து வாட்ஸப்பில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் எங்கள் பார்க்கிங்கில் என் 2019 ஸ்விஃப்ட் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தைத் தண்ணீர் வடிந்த பிறகு செய்தேன். "ஸ்டார்ட் பண்ணாதீங்க சார், மெக்கானிக் வரட்டும்" என்று வாட்ச்மேன் சொல்லச் சொல்ல சாவியைத் திருப்பினேன். டங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஆயில் குச்சியை உருவிக் காட்டினார்கள். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் பால் தூக்கலான டீ! உள்ளே தண்ணீர் போய் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. அப்போதும் நான் தெம்பாகத்தான் இருந்தேன், நம்மிடம் இருப்பது ஃபுல் இன்சூரன்ஸ் ஆயிற்றே. சர்வேயர் பாலிசித் தாளை ஒருமுறை புரட்டிவிட்டு "இன்ஜின் புரொடெக்ட் எடுக்கலையே சார்" என்றார். சீட், கார்பெட், வயரிங் எல்லாம் வெள்ளச் சேதக் கணக்கில் வரும், தண்ணீரோடு ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனது, தனியாகக் காசு கட்டி எடுக்கும் அந்த இன்ஜின் புரொடெக்ட் இல்லாமல் வராது. சாமான் பழசானதற்குக் கழிக்காமல் விலையைத் தரும் ஜீரோ டெப்பும் இல்லாததால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான். அதற்கு மேல் ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். இன்ஜின் செலவு மட்டும் கைக்காசு 90,000 ரூபாய்க்கு மேல் போனது. முந்தின வருடம் பாலிசி எடுக்கும்போது திரையில் எது குறைச்சலோ அதை அழுத்தி 1,800 ரூபாய் மிச்சம் பிடித்ததை வீட்டில் பெருமையாகச் சொன்னவன் நான்தான்.

மார்ச் 2024-ல் புதுப்பிக்கும் நேரம் வந்தது. க்ளெய்ம் பண்ணாமல் இருந்திருந்தால் என்சிபி, அதாவது க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி, 50% ஆகியிருக்கும், இப்போது பூஜ்யம். "போன வருஷம் க்ளெய்ம் உண்டா"ன்னு கேட்டா இல்லைன்னு போடு, எவன் பார்க்கப் போறான் என்றான் நண்பன் ஒருவன். புது கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டால் தெரிந்துவிடும், நாளைக்கு நிஜமாக ஒரு க்ளெய்ம் வரும்போது அதையே காட்டிக் கைவிரிப்பார்கள். வேண்டாம் என்று விட்டேன்.

முதலில் வந்த விலைகள் தலையைச் சுற்றவைத்தன. ஒரு இடத்தில் 9,200, வழக்கமான ஏஜென்ட்டிடம் 14,800. ஒரே காருக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதி எங்கேயும் ஒன்றுதான், 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை அப்போது 3,416 ரூபாய், அது அரசு வைத்த விலை, பேரமே கிடையாது. ஆட்டமெல்லாம் ஓடி என்கிற சொந்தச் சேதப் பகுதியில்தான். 9,200-க்குக் கொடுத்தவர்கள் ஐடிவியை, அதாவது வண்டி திருட்டுப் போனாலோ முழுசாகப் போனாலோ கொடுக்கும் தொகையை, 2.6 லட்சமாக வைத்திருந்தார்கள். ஏஜென்ட் 3.7 லட்சம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு இது பேசி முடிவு செய்கிற தொகை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லா இடத்திலும் 3.5 லட்சம் என்று நானே போட்டு, இன்ஜின் புரொடெக்ட், ஜீரோ டெப் இரண்டையும் டிக் பண்ணிப் பார்த்தால், மலிவாக இருந்தது மலிவாக இல்லை, வரிசையே தலைகீழ். ஐந்து வருடமாகிவிட்டது என்று ஜீரோ டெப் தரவே மறுத்த இடங்களும் உண்டு.

அப்புறம் தேவையில்லாததைக் கழித்தேன். ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு என் பைக் பாலிசியிலேயே இருந்தது, ஒருவருக்கு ஒன்று போதும், ஆனால் ஃபார்மில் தானாகவே டிக் ஆகியிருக்கும், எடுத்துவிட்டேன். சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்று இன்னும் நாலைந்து வைத்திருந்தார்கள், அவையும் போயின. தானே முன்வந்து ஏற்கிற கழிவை 2,500 ஆக வைத்தால் ஓடியில் கொஞ்சம் குறையும் என்றார்கள். குறைந்தது என்னவோ சில நூறு ரூபாய், அதற்காக ஒவ்வொரு க்ளெய்முக்கும் 2,500 கூடுதலாகக் கொடுப்பானேன்?

இத்தனையும் பார்த்துக் கிடைத்த விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். "அண்ணே, முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, ஓடியில டிஸ்கவுன்ட் போட்டுத் தரேன்." முதலில் ஏன் போடவில்லை என்று கேட்டதற்குச் சிரித்தார். 18% ஜிஎஸ்டி சேர்த்து 11,650-க்கு முடிந்தது. பாலிசி முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கட்டியதால் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பும் இன்ஸ்பெக்‌ஷன் வேலையும் இல்லை.

அந்த அக்டோபரில் மறுபடி கனமழை எச்சரிக்கை வந்தது. இன்ஜின் புரொடெக்ட் இருக்கிறதே என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேம்பாலத்தில் எனக்கு முன்னாலேயே நல்ல கூட்டம், இறக்கத்துக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.