ஆல்பியில் மூன்று வாரம்: பன்னிரண்டு மணிக்குப் பசிக்கப் பழகுங்கள்

தங்கைக்கு பிரான்சில் வேலை என்றதும் வீட்டில் எல்லாரும் பாரீஸ் என்றே நினைத்துக்கொண்டோம். அவள் போய் இறங்கிய ஊர் ஆல்பி. நாட்டின் தென்மேற்கில், தூலூஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஏறக்குறைய 50,000 பேர் வசிக்கும் சின்ன நகரம். போன ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டு வந்தேன். சுற்றுலா வழிகாட்டிகளில் தேவாலயத்தின் உயரம் வரை எல்லாம் இருக்கிறது. மதியம் இரண்டேகாலுக்குப் பசித்தால் என்ன ஆகும் என்பது இல்லை.

முதலில் காகிதம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்று ஒரு சான்று வேண்டும். இவர்களை என் வீட்டில் தங்கவைத்துக்கொள்கிறேன் என்று அங்கே இருப்பவர் தன் ஊர் மேயர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்குவது. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வீட்டில் இடம் இருக்கிறதா என்ற விவரம், வரி முத்திரை. அசல் பிரதியைக் கூரியரில் வரவழைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடும் கட்டாயம். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய சான்றைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். குடிவரவு அதிகாரி கேட்டது அதைத்தான். பெட்டியோ இன்னும் விமானத்திலிருந்தே இறங்கவில்லை. நல்ல வேளை, கைபேசியில் படம் இருந்தது. அவரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கைப்பையில் வையுங்கள்.

தூலூஸின் மத்தாபியோ நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். வண்டி வந்து நின்றது. கதவு தானாகத் திறக்கும் என்று நானும் அம்மாவும் கோயில் நடை திறப்பதற்குக் காத்திருப்பதுபோல் நின்றோம். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன் எங்களைத் தாண்டிக் கை நீட்டிக் கதவில் இருந்த பொத்தானை அழுத்தினான். இறங்கும்போதும் அப்படியே, நாமேதான் அழுத்த வேண்டும். ஆல்பியில் இரண்டு நிலையங்கள் உண்டு. பழைய நகரத்துக்குப் போக ஆல்பி-வில்லில் இறங்குங்கள். தூங்கிவிட்டால் வண்டி தார்ன் ஆற்றைத் தாண்டி ஆல்பி-மத்லேனுக்குப் போய்விடும்.

இனி வணக்கம். கடைக்குள் நுழைந்தால், பேருந்தில் ஏறினால், மருந்துக் கடையில், மாடிப்படியில் எதிரே ஆள் வந்தால், எல்லா இடத்திலும் முதலில் ‘பொன்ஜூர்’. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவசரத்தில் வருவதில்லை. அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போனவன் நேராக ஆங்கிலத்தில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்கார அம்மாள் என்னை ஒரு நொடி பார்த்து, மெதுவாக, அழுத்தமாக “பொன்ஜூர், முஸ்யே” என்றார். நான் பதிலுக்குச் சொல்லும்வரை அவர் கை அலமாரிப் பக்கம் போகவில்லை. சொன்ன பிறகு அவரே ஆங்கிலத்துக்கு மாறி, ஒரு நாளைக்கு எத்தனை போடலாம் என்பதுவரை விளக்கினார். நம் ஊரில் தெரிந்தவருக்குத்தான் வணக்கம். அங்கே தெரியாதவருக்குத்தான் முக்கியமாக. வெளியே வரும்போது ‘ஒர்வுவா’ சொல்ல வேண்டும், எதுவும் வாங்காவிட்டாலும். மாலையில் ‘பொன்சுவார்’. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களுக்கும் உண்டு. தமிழ் பேசுகிறவர்களுக்கு அதில் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூச்சமில்லாமல் எல்லாரையும் ‘வூ’, அதாவது நீங்கள், என்றே அழைத்துவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மதிய உணவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில். இரண்டேகாலுக்குப் போய் நின்றால் நாற்காலி இருக்கும், ஆள் இருப்பார், அடுப்பு இருக்காது. முதல் நாள் மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ரொட்டிக் கடையில் வாங்கிய நீள ரொட்டியை ஆற்றங்கரையில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றோம். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன்னால் கிடையாது. ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் இராத்திரியே ஆகவில்லை, எதற்குச் சாப்பிடுவது என்று அம்மாவுக்குக் குழப்பம். பல கடைகள் மதியத்தில் பூட்டுவார்கள். ஞாயிறும் திங்களும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருக்கும். பால், அரிசியைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

உணவகத்தில் ‘மெனு’ என்றால் பட்டியல் இல்லை, நிர்ணய விலைச் சாப்பாடு. பட்டியலுக்குப் பெயர் ‘கார்த்’. தண்ணீர் என்று மட்டும் கேட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். ‘ஊன் கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் குடுவையில் வரும், சட்டப்படி இலவசம். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. மனசுக்குப் பிடித்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது வாத்து ராஜ்ஜியம். சாலட் என்று நம்பிக் கேட்டால் மேலே வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும், இல்லாவிட்டால் ‘லார்தோன்’ எனும் பன்றித் துணுக்குகள். சைவம் என்றேன், அப்படியானால் மீன் தரட்டுமா என்றார் பரிமாறியவர், உண்மையான அக்கறையோடு. அதனால் சைவம் என்ற சொல்லை நம்பாமல், தங்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைக் காட்டிக்கொண்டிருந்தோம்: ‘ஜு ந மான்ஜ் நி வியாந்த் நி ப்வாசோன்’, இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன். உருளைக்கிழங்கு பொரித்தது வாத்துக் கொழுப்பிலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நாள் தங்கை வீட்டில் அம்மா வைத்த ரசம்தான்.

வீட்டுக்குள்ளும் சில விஷயங்கள். மாடிப்படி விளக்கு தானாக அணைந்துவிடும். இரண்டாம் மாடி ஏறுவதற்குள் இருட்டு, சுவரைத் தடவினால் குட்டியாக ஒளிரும் பொத்தான் அகப்படும். வெயில் நாளில் மரச் சன்னல் கதவுகளைப் பகல் முழுக்கச் சாத்தி வைப்பார்கள். காற்று வரட்டும் என்று அம்மா திறந்து வைத்த அன்று வீடு சுண்ணாம்புக் காளவாய் ஆனது. இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. ஊரோடு வாட்ஸ்அப்பில் பேசும் நம் குரல் அளவு அங்கே பகலுக்கே அதிகம். ஜூன் 21 இசைத் திருநாள் மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குத் தெருவெல்லாம் பாட்டு, யாரும் யாரையும் கேட்கவில்லை.

பார்க்க வேண்டிய இடம் என்று கேட்டால் செந்த் செசில் பேராலயம்தான். 1282-இல் தொடங்கிய செங்கல் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. கத்தார் எனும் மாற்றுச் சமயத்தாருக்கு எதிராக நடந்த சிலுவைப் போருக்குப் பிறகு, இங்கே யார் அதிகாரம் என்று காட்டுவதற்காகவே அப்படிக் கட்டினார்கள். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம்மா, இங்கே யாரும் கழற்றமாட்டார்கள் என்று தங்கை சொல்லியும் கேட்கவில்லை. செருப்பை மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு கல் தரையில் வெறுங்காலோடு நடந்தார். மேற்குச் சுவரில் 15-ஆம் நூற்றாண்டின் கடைசித் தீர்ப்பு ஓவியம். பாவிகளைக் கொப்பரையில் வேகவைக்கும் பகுதிக்கு முன்னால் நெடுநேரம் நின்று, “நம்ம எமலோகம்தான்டா, ஆளுங்கதான் வெள்ளை” என்றார். படத்தின் நடுவில் தீர்ப்புச் சொல்லும் கிறிஸ்துவைக் காணோம். பின்னாளில் அந்த இடத்தைக் குடைந்து வழிபாட்டு அறைக்கு வாசல் வைத்துவிட்டார்கள். தண்டனை இருக்கிறது, நீதிபதி இல்லை. பூசை நேரத்தில் உள்ளே சுற்றக் கூடாது; கதவில் நேரம் ஒட்டியிருக்கும்.

பக்கத்திலேயே ஆயரின் பழைய அரண்மனையில் துலூஸ்-லொத்ரெக் அருங்காட்சியகம். 1864-இல் இதே ஊரில் பிறந்த ஓவியர், பாரீஸ் நடன விடுதிச் சுவரொட்டிகளால் பேர் வாங்கியவர். கட்டணம் தர மனமில்லாவிட்டால் அதன் பின்புறத் தோட்டத்துக்கு மட்டுமாவது போங்கள். காசு கிடையாது, கீழே தார்ன் ஆறும் ஏறக்குறைய ஆயிரம் வயதான பழைய பாலமும் தெரியும்.

ஒரு மாலை தங்கையோடு வேலை செய்பவர் வீட்டுக்கு விருந்து. ஏழரைக்கு வரச் சொன்னார்கள். ஏழரைக்கே போய் நின்றுவிடாதே அண்ணா என்றாள் தங்கை. ‘தூலூஸ் கால்மணி’ என்றே அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கு இருக்கிறதாம், கால்மணி தாமதமாகப் போவதுதான் மரியாதை. முன்னால் போனால் வீட்டுக்காரர் சமையல் உடுப்போடு கதவைத் திறக்க வேண்டிவரும். பூ கொண்டுபோகலாம், சாமந்தி இனம் மட்டும் கூடாது. அது அங்கே கல்லறைக்கு வைக்கும் பூ. ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைத் துணிமேலேயே வைக்கிறார்கள். குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார் வீட்டுக்காரர். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

சந்தையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை, பழைய இரும்புக் கூரைச் சந்தையைச் சுற்றித் தெருவெல்லாம் கடை. முதல் சனியன்று அம்மா தக்காளிக் குவியலில் கையை விட்டு, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எடுத்துவைக்கத் தொடங்கினார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்தே அறுபது வருடம் வாங்கிய கை. கடைக்காரர் பாய்ந்து வந்தார். கத்தவில்லை, ஆனால் தக்காளியை அம்மா கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார். அங்கே சந்தையில் பொருளை நாம் தொடுவதில்லை. எது, எவ்வளவு என்று சொன்னால் அவரே எடுத்துத் தருவார். “சொத்தையைத் தள்ளிவிட்டால் யார் கேட்பது?” என்று வழியெல்லாம் அம்மா பொருமிக்கொண்டே வந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை அதே கடை. அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “பொன்ஜூர் முஸ்யே” என்று சொல்லி முலாம்பழத்தைக் கண்ணால் காட்டினார். அவர் ஏதோ கேட்டார். எப்போது சாப்பிடப்போகிறீர்கள் என்று கேட்கிறார், அம்மா, என்றாள் தங்கை. இன்றைக்கு ராத்திரி என்றோம். அவர் நாலு பழத்தைத் தூக்கி எடை பார்த்து, காம்பு விட்ட இடத்தை முகர்ந்து, ஐந்தாவதை எடுத்து அம்மா மூக்கருகே நீட்டினார். அம்மா முகர்ந்துவிட்டுத் தலையசைத்தார். அன்று இரவு அறுத்தபோது கத்தி இறங்குவதற்குள் சாறு மேசைத் துணியில் ஓடியது.